மேஜருக்கு ஊசி போட்ட தேதி

பாலக்கரை, திருச்சினாப்பள்ளி
4 செப்டம்பர் 1936

அன்புத் தம்பி கியாசுதீனுக்கு அக்கா வஹீதாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையால் நானும் உன் மச்சானும் சுகம். கொழும்பில் ஓயாத மழை என்று பேப்பரில் போட்டிருந்ததாம். கடை வாசலில் நின்று நனையாதே, உனக்கு இருமல் ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை உன் நாய் மேஜர் காளியாயியைக் கடித்துவிட்டது.

பதறாமல் முழுக்கப் படி. ஜீயபுரம் வண்டியில் வாழையிலைக் கட்டோடு இறங்கி, மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் நமக்கு இலை போட்டுவிட்டுப் போவாளே, அந்த நேரம்தான். தினமும் மடியிலிருந்து அரை இட்லி எடுத்து மேஜருக்குக் கொடுப்பது அவள் வழக்கம். நேற்று அது கொல்லையில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. இவள் பாட்டுக்குக் குனிந்து தலையைத் தடவப் போனாள். இடது முழங்கைக்குக் கீழே இரண்டு பல், ஆழமாக இறங்கிவிட்டது. அவள் கத்தக்கூட இல்லை. "திங்கிற நேரத்துல நான் கைய வெச்சேன், எம்மேலதான் தப்பு" என்று நாய்க்கு வக்காலத்து வாங்கினாள்.

நாய் வாய் வைத்த பாத்திரத்தை நாம் மண் போட்டு ஏழு தடவை கழுவுகிறோம் இல்லையா? எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கைக்கும் அதுதான் என்று கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், வாளி வாளியாக இறைத்து ஊற்றி, சோப்புப் போட்டு ஏழு தடவை கழுவினேன். மண் போடுவதை மட்டும் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு ஷரபுன்னிசா மாமி மிளகாய்த் தூளும் சுண்ணாம்புமாக ஓடிவந்தார்கள். "தள்ளிப் போங்க மாமி, கறிக்கா மசாலா தடவுறோம்?" என்று விரட்டிவிட்டேன். மாமிக்குக் கோபம். இருக்கட்டும்.

உன் மச்சான் ஆபீசுக்கு லீவு போட்டு அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, "யார் கழுவினது? இதைவிட நல்ல முதல் வைத்தியம் கிடையாது" என்றாராம். உன் மச்சான் இப்போது தெருவெல்லாம் அதைச் சொல்கிறார்கள், ஏதோ தாமே கழுவச் சொன்ன மாதிரி.

டாக்டர் இரண்டு காரியம் சொன்னார். நாயைக் கொல்லக் கூடாது. பத்து நாள் கட்டிவைத்து, அதற்கு ஏதாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது, நாய்க்கு ஒரு வருஷத்துக்குள் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா, போட்டிருந்தால் என்ன தேதி என்று தெரிய வேண்டும். போடவில்லை என்றால் ஒரு நாளும் காத்திருக்காமல் காளியாயிக்குத் தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினாலு ஊசி போட வேண்டுமாம். "எங்க மச்சினன் இந்தப் பங்குனியில போட்டானே" என்றார்களாம் உன் மச்சான். "தேதி? சீட்டு?" என்று டாக்டர் கேட்டதும் திருதிருவென்று விழித்தார்களாம்.

காளியாயி அதைப் பிடித்துக்கொண்டாள். "கியாசு தம்பி போட்டேன்னு சொல்லுச்சுன்னா போட்டதுதான். எனக்கு எதுக்கு ஊசி? புரட்டாசி வருது. சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை சீரங்கத்துல எல இல்லாம ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியாது. நான் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டிருந்தா யாரு போடுவா?" என்கிறாள். ஹட்டன் தேயிலைத் தோட்டத்திலிருக்கும் அவள் மகன் சின்னையாவுக்கு மூன்று வருஷமாக நீதானே கடிதம் எழுதிக் கொடுத்தாய்? அவளைப் பொறுத்தவரை உன் வாயிலிருந்து வந்தால் அது சர்க்கார் முத்திரை குத்தினது.

ஆகவே ஊசி போட்ட தேதியை எழுது. சீட்டு உன்னிடம் இருந்தால் அனுப்பு. இதை இன்றைக்கே கொழும்புக்குப் போகும் போட் மெயிலில் சேர்க்க உன் மச்சான் எடுத்துப் போகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வஹீதா

கொழும்பு, பெட்டா
6 செப்டம்பர் 1936

என் கண்ணுக்கு மேலான அருமை அக்கா வஹீதா அவர்களின் சமூகத்துக்கு, தம்பி கியாசுதீன் அநேக ஆயிரம் ஸலாம் கூறி எழுதிக்கொண்டது. வல்ல ரஹ்மானின் பேரருளால் அடியேன் இவ்விடம் பூரண சௌக்கியம். தாங்களும், மரியாதைக்கும் மதிப்புக்கும் உரிய மச்சான் ஹபீபுல்லா அவர்களும் தேக சுகத்தோடும் மன நிறைவோடும் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். மச்சானுக்கு ஆபீசில் புது துரை எப்படி? பிரமோஷன் விஷயம் என்ன ஆயிற்று? ஷரபுன்னிசா மாமியின் முட்டுவலி குறைந்ததா? மாமிக்கு என் பிரத்தியேக ஸலாம். கொல்லை முருங்கை இந்த வருஷமாவது காய்த்ததா? கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம்? மாடிப்படியில் பெயர்ந்த செங்கல்லைப் பூசியாகிவிட்டதா? பெருநாளைக்கு நீ தைத்துக் கொடுத்த சட்டையை இங்கே எல்லோரும் புகழ்கிறார்கள்.

காளியாயிக்கு நேர்ந்ததைப் படித்து மிக்க விசனம். ஆனால் நீ சரியாகக் கழுவிவிட்டாய், டாக்டரே மெச்சினார், அப்புறம் என்ன பயம்? மேஜர் நல்ல ஜாதி நாய். எலும்பு தின்னும்போது தொட்டால் எந்த நாயும் கடிக்கும். ஊசி போட்டது போட்டதுதான். பங்குனியா சித்திரையா என்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை. சீட்டைப் பெட்டியில் வைத்திருந்தேன், கப்பலில் பெட்டி நனைந்ததில் காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. காளியாயியைத் தைரியமாக இலை விற்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்.

மச்சானுக்கும் மாமிக்கும் தெருவில் கேட்ட எல்லோருக்கும் மீண்டும் மீண்டும் ஸலாம். தங்கள் பதிலைக் காணும் நாளே எனக்குப் பெருநாள்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
கியாசுதீன்

பாலக்கரை
8 செப்டம்பர் 1936

தம்பி கியாசுக்கு, ஸலாம். கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம்.

மேஜர் போய்விட்டது. நேற்றுக் காலை தெரு ஆட்கள் நாலைந்து பேர் கழியோடு வந்தார்கள். கடித்த நாயை வைத்திருக்கக் கூடாதாம், அடித்தே தீர வேண்டுமாம். உன் மச்சான் வாசலில் நின்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் காளியாயி கொல்லைக்கு ஓடி, ஒற்றைக் கையாலேயே கயிற்றை அவிழ்த்து, "ஓடிப் போயிரு மேசரு" என்று பின்கதவைத் திறந்துவிட்டாள். கடிபட்டவளே அவிழ்த்துவிட்டால் யாரை என்ன சொல்ல? இன்னும் திரும்பவில்லை. பத்து நாள் பார்ப்பதற்கு நாய் இல்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னதற்கு, "அப்படியானால் அந்த அம்மாள் ஊசிக்கு வருவதுதான் புத்தி" என்றார். அவள் வரமாட்டேன் என்கிறாள். உன் கடிதத்தைப் படிக்கக் கேட்டதிலிருந்து அவள் பிடிவாதம் இன்னும் கூடிவிட்டது.

இன்னொன்று. இதை உன் மச்சானிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் மறைத்தேன். அன்றைக்கு மேஜரை இழுத்துப் பிடித்தபோது அதன் பல் என் வலது மணிக்கட்டிலும் கிழித்துவிட்டது. ரத்தம் வந்தது. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்திருக்கிறேன். சொன்னால் உன் மச்சான் வீட்டைத் தலைகீழாக்கிவிடுவார்கள்.

நீதான் ஊசி போட்டது போட்டதுதான் என்று எழுதிவிட்டாயே. உன் வார்த்தையை நம்பி நானும் ஆஸ்பத்திரிக்குப் போகப் போவதில்லை. காளியாயிக்கு என்னவோ எனக்கும் அதுவே.

வஹீதா

தந்தி
கொழும்பிலிருந்து, 10 செப்டம்பர் 1936, பகல் 11 மணி
(இங்கிலீஷில் வந்ததை ஹபீபுல்லா தமிழில் எழுதிவைத்தது)

நாய்க்கு ஊசி போடவில்லை. அக்காவும் காளியாயியும் இன்றே ஆஸ்பத்திரி போகவும். கியாசு.

கொழும்பு
10 செப்டம்பர் 1936

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். போனாயா? ஊசி போட்டார்களா? மச்சானிடம் சொல்லிவிட்டாயா? இதையெல்லாம் முதலில் எழுது.

ஊசி போடவில்லை. மேஜரை நமக்குக் கொடுத்த பொன்மலைத் துரை சீமைக்குப் போகும் முன் போன வருஷம் பங்குனியில் போட்டதுதான் கடைசி. இந்தப் பங்குனியில் நான் மேஜரை மாட்டாஸ்பத்திரி வாசல் வரைக்கும் இழுத்துப் போனது உண்மை. அங்கே நாலு மாடும் ஒரு குதிரையும் எனக்கு முன்னால் நின்றன. அன்றைக்குச் சாயங்காலம் ரயில்வேக்காரர்களுக்கும் போலீசுக்கும் புட்பால் மாட்ச். காத்திருந்தால் மாட்ச் போய்விடும். அடுத்த வாரம் வரலாம் என்று மேஜரை ஒரு டீக்கடைப் பந்தல் காலில் கட்டிவிட்டு மாட்சுக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்ததும் மச்சான், "ஊசி போட்டாச்சா?" என்றார்கள். வருஷா வருஷம் ஊசி, கொல்லையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது, இந்த இரண்டுக்கும் சம்மதித்துத்தான் மேஜரை வீட்டில் வைத்துக்கொள்ள விட்டார்கள். போடவில்லை என்றால் நாயைத் துரத்திவிடுவார்கள் என்று, "ஆச்சு மச்சான்" என்றேன். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. ஆனியில் இங்கே வந்துவிட்டேன்.

சீட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது. பெட்டி நனையவும் இல்லை.

உன் கடிதம் கடையில் துணி அளந்துகொண்டிருக்கும்போது வந்தது. படித்ததும் முழக்கோலைப் போட்டுவிட்டு முதலாளியிடம் ஓடினேன். முதலாளி தண்ணீர் கொடுத்து, அவரே தந்தி ஆபீசுக்குக் கூட்டிப் போனார். உனக்கு ஏதாவது ஆனால் நான் எந்த முகத்தோடு வாழ்வேன்? அல்லாஹ்வுக்காக உடனே பதில் எழுது.

கியாசு

பாலக்கரை
13 செப்டம்பர் 1936

கியாசுக்கு ஸலாம்.

என் மணிக்கட்டில் ஒரு கீறல்கூட இல்லை. மேஜர் என்னைக் கடிக்கவும் இல்லை, நான் அதை இழுக்கவும் இல்லை. அது கடித்தது காளியாயியை மட்டும்தான்.

பொய் சொன்னதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்துவிட்டேன். ஆனால் மறுபடி அதே நிலை வந்தால் அதே பொய்யைச் சொல்வேன்.

உன்னை எனக்குத் தெரியாதா? நாலு வயசில் சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்துவிட்டு வந்து, என் கன்னத்தைத் தடவி, "அக்கா சாப்பிட்டியா, அக்காக்குத் தல வலிக்குதா" என்று விசாரித்தவன் நீ. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட அன்று வீட்டிலுள்ள ஆட்டுக்குட்டி முதற்கொண்டு எல்லோருக்கும் ஸலாம் சொல்லுவாய். உன் 6ஆம் தேதிக் கடிதத்தில் ஸலாமும் நல விசாரணையும் அரைப் பக்கம். கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம் என்று என்றைக்காவது கேட்டவனா நீ? முருங்கை வரைக்கும் படித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, நீ ஊசி போடவில்லை என்று. உன் மச்சான்கூட, "என்ன பாசமா எழுதியிருக்கான் பாரு" என்றார்கள்.

நேரே கேட்டிருந்தால் இன்னும் ஒரு பக்கம் ஸலாம் எழுதியிருப்பாய். நாளும் போயிருக்கும். அதனால் அப்படி எழுதினேன்.

எனக்கு வருத்தம் எதில் தெரியுமா? மாட்ச் பார்க்கப் போனதில் இல்லை. வாலிபப் பையன், போவாய். கடிபட்டது இலைக்காரி என்றதும் உனக்கு ஸலாம் நீண்டது. கடிபட்டது அக்கா என்றதும் தந்தி பறந்தது. அதே நாய்தான், அதே பல்தான். அவளும் ஒருத்தனைப் பெற்றவள்தானே கியாசு? உன்னை நினைத்து அன்றைக்கு ராத்திரி அழுதேன். இதை எழுதும்போதும் அழுகைதான் வருகிறது.

தந்தி வந்த அன்று காளியாயியைச் சாயங்கால வண்டிக்குப் போகும் வழியில் மறித்து, உட்கார வைத்துப் படித்துக் காட்டினோம். முதலில் நம்பவில்லை. "தம்பியா சொல்லுச்சு?" என்று மூன்று தடவை கேட்டாள். அப்புறம் ஊசிக்குச் சம்மதித்தாள். மறுநாள் காலை முதல் ஊசி. ஸ்ரீரங்கத்துக்கு இலை போட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்தால் போதும் என்று கம்பவுண்டர் சம்மதித்துவிட்டார். இன்றோடு மூன்று ஊசி ஆயிற்று. "பிரசவத்தவிட இது ஒண்ணுமில்ல" என்கிறாள். காரமும் கடின வேலையும் கூடாது என்று சொன்னதில் காரத்தை மட்டும் விட்டிருக்கிறாள்.

நேற்று ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது என்னிடம் ஒன்று கேட்டாள். உனக்கு எழுதாமல் விட மனசில்லை. "ராவுத்தரம்மா, மேசருக்கு ஊசி போடாமயே போட்டேன்னு எழுதுச்சே தம்பி. எம்மவனுக்கு நான் சொன்னதெல்லாம் சொன்னபடி எழுதுச்சா?"

பதில் உனக்குத்தான் தெரியும். அவளுக்கு எழுது. நான் படித்துக் காட்டுகிறேன்.

வஹீதா

பாலக்கரை
24 செப்டம்பர் 1936

தம்பி கியாசுக்கு ஸலாம். நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய்?

பதினொரு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அதிகமாகத் திட்டிவிட்டேனோ என்று உன் மச்சானிடம் கேட்டேன். "அளவாத்தான் திட்டியிருக்க" என்றார்கள். அவர்களுக்கும் உன்மேல் கோபம்தான், ஆனால் தபால்காரன் வந்தால் முதலில் வாசலுக்குப் போவது அவர்கள்தான்.

இன்றைக்குப் பதினாலாவது ஊசி முடிந்தது. காளியாயி எனக்கு ஒரு தார் பூவன் பழம் கொண்டுவந்தாள். கம்பவுண்டருக்கு ஒரு தார். கை காயமும் ஆறிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். நேற்று வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை, இன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

மேஜரைப் பற்றித் தகவல் இல்லை. காளியாயி தினமும் வந்ததும், "மேசரு வந்துச்சா, தம்பி காயிதம் வந்துச்சா" என்று கேட்கிறாள். இரண்டுக்கும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எழுது கியாசு. ஸலாம்கூட வேண்டாம்.

வஹீதா

ஹட்டன்
28 செப்டம்பர் 1936

அக்காவுக்கு ஸலாம். சுகமாக இருக்கிறேன்.

காளியாயியின் கேள்விக்குக் கொழும்பில் உட்கார்ந்துகொண்டு என்னால் பதில் எழுத முடியவில்லை. என்ன எழுதினேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அதனால் முதலாளியிடம் லீவு கேட்டு ரயிலேறி இங்கே வந்தேன். விசாரித்துத் தோட்டத்துக்கு வர இரண்டு நாள் ஆயிற்று. நல்ல குளிர்.

சின்னையா என் கடிதங்களைத் தகரப் பெட்டியில் வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறான். ஏழு கடிதம். அவனுக்குப் படிக்கத் தெரியாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒவ்வொன்றையும் ஒரு தடவை படித்துக் காட்டினாராம். நேற்று அவன் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் ஏழையும் சத்தமாகப் படித்தேன்.

அக்கா, ஏழும் ஒன்றேதான். "நான் இவ்விடம் சுகம். நீ என்னைப் பற்றிக் கவலைப்படாமல் வேலையைக் கவனிக்கவும். மற்றவை பின்." தேதி மட்டும் வேறு வேறு.

காளியாயி சொன்னதோ வேறு. ஐப்பசி மழையில் கூரை விழுந்ததைச் சொன்னாள். கண் மங்குகிறது, இலையில் கிழிசல் தெரியமாட்டேன் என்கிறது என்றாள். பொங்கலுக்குக் காய்ச்சலில் கிடந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில், "ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போடான்னு எழுதுங்க தம்பி" என்பாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே எப்போதும் எழுதுகிற நாலு வரியை எழுதி ஒட்டிவிடுவேன். எனக்கு எங்காவது போகிற அவசரம் இருக்கும். வயசானவர்கள் புலம்புவதுதானே, மகனை எதற்குக் கலக்க வேண்டும் என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் சோம்பேறித்தனம்தான்.

அவள் சொன்னதையெல்லாம் நினைவுக்கு வந்தவரை சின்னையாவிடம் சொன்னேன். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் பெட்டியை மூடினான். "அம்மா நல்லாருக்குன்னுதான் தம்பி நெனச்சேன். மூணு வருசத்துல ஒருக்காகூட வாடான்னு கூப்பிடலையே, நாம வேணாம் போலருக்குன்னு எனக்குத்தான் உள்ளுக்குள்ள கோவம்" என்றான். அதைக் கேட்டதற்கு அவன் அடித்திருந்தால் தேவலை.

தோட்டத்துக் கங்காணியிடம் நானே பேசி அவனுக்கு ஒன்றரை மாச லீவு வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் போட் மெயிலில் ஏற்றிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தைக் காளியாயிக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்துக் காட்டு. எதையும் விடாதே.

கியாசு

பாலக்கரை
3 அக்டோபர் 1936

தம்பி கியாசுக்கு ஸலாம். நாங்கள் சுகம், நீ ஹட்டன் குளிரில் போர்த்திக்கொள்ளாமல் சுற்றியிருப்பாய். தைலம் தேய்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நீ சொன்னபடி ஒரு வரியும் விடவில்லை, சோம்பேறித்தனம் உட்பட. சின்னையா சொன்னதைப் படிக்கும்போது இரண்டு தடவை நிறுத்தினேன். காளியாயி இலைக்கட்டின்மேல் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் முந்தானையை உதறி எழுந்து, கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, இலை கூடப் போடாமல் போய்விட்டாள். நேற்றும் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. மார்க்கெட்டுக்கு வந்துபோகிறாளாம், நம் தெருப் பக்கம் மட்டும் வரவில்லை.

உன்னை இனிமேல் நான் திட்டப் போவதில்லை. நீ ஹட்டனுக்குப் போனது எனக்குப் பெரிய ஆறுதல். உன் மச்சான் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "பய பரவால்ல" என்றார்கள். அவர்கள் வாயிலிருந்து அது வருவது லேசில்லை.

வஹீதா

கொழும்பு
7 அக்டோபர் 1936

அக்காவுக்கு ஸலாம். சுகம்.

சின்னையா இன்று ராத்திரி போட் மெயிலில் ஏறுகிறான். நாளை மறுநாள் அங்கே இருப்பான். என் கையால் கடிதம் எதுவும் கொடுத்தனுப்பவில்லை. அவளிடம் அவனே பேசட்டும்.

கியாசு

பாலக்கரை
14 அக்டோபர் 1936

கியாசு, இது காளியாயி சொல்லச் சொல்ல நான் எழுதியது. ஒரு எழுத்தையும் தொடவில்லை. எழுதி முடித்ததும் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லி, இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னாள். வஹீதா.

கியாசு தம்பிக்கு,

மொதல்ல சலாம் எழுதட்டுமான்னு அக்கா கேட்டுச்சு. வேணாம், நேரா விசயத்துக்கு வாங்கன்னேன்.

ஒரு வாரம் உங்க தெருவுலயே நான் கால் வெக்கல. கோவம். ஊசி விசயத்துக்கு இல்ல தம்பி. ஊசி வயித்துல குத்துனாங்க, வலிச்சுச்சு, போயிருச்சு. நான் இங்க ஒக்காந்து கத்துனதெல்லாம் அங்க எம்மவன் காதுல விழுந்திருக்கும்னு மூணு வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன் பாருங்க, அதுக்குத்தான் கோவம். கேட்டும் வராத கல்லுமனசுக்காரன்னு பெத்த புள்ளைய ஊரு பூராத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். அவன் அங்க, அம்மா கூப்பிடலையேன்னு ஒக்காந்திருந்திருக்கான். இது நாயமா?

அவன் வெள்ளிக்கெழம வந்தான். பொட்டி எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னான். எனக்குக் கண்ணு மங்கல், யாரோ எல வாங்க வந்திருக்காங்கன்னு, "கட்டு காலி, நாளைக்கு வாங்க"ன்னேன். அம்மான்னான். அப்புறம் மூணு வருசத்துத் திட்டையும் ஒண்ணா அவன் மூஞ்சிக்கு நேரா திட்டித் தீத்தேன். ஜீயபுரம் டேசன் வரைக்கும் கேட்டுச்சாம். அவன் சிரிச்சுக்கிட்டே சோறு தின்னான். கறுத்துட்டான், ஆனா நல்லா வளந்துட்டான். இப்பக் கூர மேல ஏறி ஓல போட்டுக்கிட்டிருக்கான். தீவாளி முடிஞ்சுதான் போவான்.

நீங்க அந்த மல வரைக்கும் போயி, நான் இப்படிச் செஞ்சேன்னு எம்மவன்கிட்ட ஒங்க வாயாலயே சொன்னீங்களாமே. அவன் சொன்னான். சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதனால கோவம் போயிருச்சு. கொஞ்சம் இருக்கு. நீங்க வந்தப்புறம் அதையும் திட்டித் தீத்துருவேன்.

அவன் திரும்பிப் போனப்புறம் அவனுக்குக் காயிதம் போடணும். அக்கா எழுதித் தரேன்னுது. வேணாம்னுட்டேன். ஊருக்கு வர்றப்ப நீங்கதான் எழுதணும். நான் சொல்றத நிறுத்தி நிதானமா எழுதி, எனக்குத் திரும்பப் படிச்சுக் காட்டிட்டுத்தான் ஒட்டணும். எங்கயாச்சும் பந்து வெளையாட்டுன்னா அன்னிக்கு ஒத்துக்காதீங்க.

மேசரு கெடச்சிருச்சு. பொன்மலையில அந்தத் தொர பங்களா வாசல்லயே போயிப் படுத்திருந்துச்சாம். ஒங்க மச்சான் ஆபீசு வேலையா அந்தப் பக்கம் போனப்பப் பாத்துக் கூட்டியாந்துச்சு. அங்க இருக்கிற சமையக்காரரு ஒரு மாசமாச் சோறு போட்டு நல்லாக் கொழுக்க வெச்சிருக்காரு. அன்னியிலேருந்து ஒரு கொறயும் இல்லையாம், அதுக்கு ஒரு நோவும் இல்ல. தெருவுல கழி எடுத்துக்கிட்டு வந்தவங்கள்லாம் இப்ப, "அடடே, மேசரு"ங்குறாங்க. நான் அர இட்லி போட்டேன், கைய நக்குச்சு. அக்கா மறுபடி ஏழு தரம் கழுவ வெச்சுது. எலும்பு திங்கையில மட்டும் நான் கிட்டப் போறதில்ல.

நேத்து மேசர மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம், சின்னையாவும் நானும். எங்களுக்கு முன்னால ஆறு மாடு. இருந்து, ஊசி போட்டுத்தான் வந்தோம். நான் கிட்ட நின்னு கண்ணால பாத்தேன். சீட்டும் வாங்கியாச்சு, அக்கா பொட்டியில இருக்கு.

தேதி புரட்டாசி இருவத்தெட்டு. எழுதி வெச்சுக்கங்க தம்பி.

காளியாயி